மனைப்பிரிவு கேள்வி-பதில்: தெரு போடுமுன் தண்ணீரைக் கேளுங்கள்

மன்னார்குடி பக்கம் ஒரு வேலி நஞ்சை இருக்கிறது. எத்தனை மனை தேறும்?

ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர். தெரு, பூங்கா போக நூற்றுக்கு 60 மிஞ்சினால் நல்ல லேஅவுட். 30க்கு 40 அடி என்று பிரித்தால் 140 மனை வரலாம். இடம் சதுரமா, நாடா மாதிரி நீளமா, ரோடு எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. எப்.எம்.பி. (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் புல வரைபடம்) நகல் அனுப்பாதவருக்கு இதற்கு மேல் சொல்ல முடியாது.

டெல்டாவுக்கான பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபின் கும்பகோணத்தில் மனைப்பிரிவே போட முடியாதாமே?

யார் சொன்னது? 2020ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பதையும் உருக்காலை மாதிரியான தொழில்களையும். நஞ்சையை மனையாக்க வேளாண்மைத் துறை இசைவும் நகர் ஊரமைப்பு அனுமதியும் வேண்டும் என்பது அதற்கு முன்பே இருந்த விதி.

ஆறு ஏக்கர் இடம். பூங்காவுக்கான 10 சதவீதத்தைப் பணமாகக் கட்டிவிடலாமா?

முடியாது. இரண்டரை ஏக்கரைத் தாண்டினால் நிலமாகத்தான் விட வேண்டும். மழைத்தண்ணீர் தேங்கும் மூலையைப் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள்.

தெருக்குத்து மனை விற்கவில்லை. நாலு முனைச் சந்திப்பாக மாற்றட்டுமா?

வேண்டாம். மூன்று தெரு கூடும் முனையில் வண்டி வேகம் தானாகக் குறையும். தெரு முட்டும் இடத்தில், பூங்காவுக்கு விட வேண்டிய நிலத்தைக் கொண்டுவந்து வையுங்கள். விற்காத மனை, பூங்காவுக்கு இடம் என்ற இரண்டு தலைவலியும் தீரும்.

திருவாரூர் அருகே எங்கள் இடத்தின் நடுவில் வாய்க்கால். பத்து வருடமாகத் தண்ணீர் இல்லை. குழாய் புதைத்து மேலே 23 அடி ரோடு போடலாமா?

மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. அது வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பாசன வாய்க்காலா, மிஞ்சிய தண்ணீரை வெளியேற்றும் வடிவாய்க்காலா? வடிவாய்க்காலில் ஆடியில் போய் நின்றுகொண்டு தண்ணீர் இல்லை என்றால் எப்படி? கார்த்திகையில் போய்ப் பாருங்கள். கல்லணையிலிருந்து கடல்வரை ஆயிரம் அடிக்கு ஓரடிகூட இறங்காத பூமி இது. ஒரு வழியை அடைத்தால் தண்ணீருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

தொழிலுக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒரு வரைபடம் நானே போட்டேன். உரிமையாளர் அவசரப்படுத்தினார், ஒன்றரை அடிக் குழாய் இரண்டு போதும் என்றேன். முதல் ஐப்பசி மழையிலேயே குழாயில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. இரண்டு தெருவில் இருபது நாள் முழங்கால் தண்ணீர். மேல் வயல்காரர்களின் பயிரும் அழுகியது. அவர்கள் வந்து கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

வாய்க்கால் புறம்போக்கு என்றால் அது உங்கள் இடமே இல்லை. பட்டாவுக்குள் ஓடினாலும் மேல் வயல்காரருக்கு அதில் பாத்தியதை உண்டு. ஆகவே திறந்தே விடுங்கள். கரையை ஒட்டித் தெரு போடுங்கள். தூர்வாரும்போது ஜேசிபி நிற்க இடம் கிடைக்கும். தெரு குறுக்கே போகும் இடத்தில் மட்டும் பாலம், அதன் அடித்தளம் வாய்க்காலின் தரைமட்டத்துக்கு மேலே வரக்கூடாது. முக்கியமாக, வீட்டு வாசல்கள் வாய்க்காலைப் பார்க்கட்டும். கொல்லைப்புறம் பார்த்தால் மூன்றே வருடத்தில் குப்பைக்குழி ஆகிவிடும். இப்படிச் செய்தால் ஐந்தாறு மனை குறையும். குறையட்டுமே!

மனையை எவ்வளவு மேடாக்க வேண்டும்?

முதலில் தெரு மட்டம், அப்புறம் மனை மட்டம். மெயின் ரோடு தார் போடும்போதெல்லாம் உயர்கிறது, அதையும் கணக்கில் வைத்துத் தெருவைவிட ஓரடி, ஒன்றரை அடி உயர்த்துங்கள். கொட்டிய மண் ஒரு மழைக்காலமாவது அமுங்கட்டும். உங்கள் மேட்டுத் தண்ணீர் எந்த வடிவாய்க்காலுக்குப் போகிறது? எப்.எம்.பி.யைப் பாருங்கள்.

30 அடித் தெருவில் மரம் வைக்க இடம் உண்டா?

உண்டு. கரண்ட் கம்பம் ஒரு பக்கம், மரம் எதிர்ப்பக்கம்.