தொடையிடுக்கு வலி: ஸ்கேனும் ஊசியும் – கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி விளையாட்டு வீரர்களின் கேள்விகளுக்கு ஒரு கதிரியக்க மருத்துவர் தரும் பதில்கள்.

பண்ருட்டி கபடி வீரர்: மூன்று மாதமாகத் தொடையிடுக்கில் வலி, டாக்டர். எம்.ஆர்.ஐ.யில் இடுப்பின் முன்னெலும்புக்குள் நீர்க்கோப்பு என்று வந்திருக்கிறது. இனி ஆட முடியாதா?

பயப்படாதீங்க தம்பி. வலியே இல்லாமல் ஆடும் கால்பந்து வீரர்களின் எம்.ஆர்.ஐ.யிலும் இந்த நீர்க்கோப்பு தெரிவதுண்டு. படத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. மல்லாந்து படுத்து, முழங்கால்களுக்கு நடுவே டாக்டரின் முஷ்டியை வைத்து இறுக்குங்கள். வழக்கமான அதே வலி வந்து, உள்தொடைத் தசை எலும்பில் சேரும் இடத்தை அழுத்தினாலும் வலித்தால், கோளாறு பெரும்பாலும் அந்தத் தசையில்தான். பாடிப் போகும்போது காலை எட்டி நீட்டுகிறீர்களே, அப்போது இழுபடுவது அதுதான்.

உப்பளம் கால்பந்து வீரர்: எனக்கும் உள்தொடைத் தசைதான் என்றார்கள். அடுத்த மாதம் போட்டி. ஊசி போட்டுக்கொண்டு ஆடலாமா சார்?

ஊசியில் இரண்டு வேலை இருக்கிறது. வலி இடுப்பு மூட்டிலிருந்து வருகிறதா என்ற சந்தேகம் இருந்தால், மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்திப் பார்ப்போம். சில மணி நேரம் வலி அடங்கினால் மூட்டின் மேல்தான் சந்தேகம். இன்னொன்று, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு. அல்ட்ராசவுண்டில் ஊசிமுனையைப் பார்த்தபடியே போட வேண்டும், தசைநாருக்குள் இறங்கக் கூடாது. சில வாரங்களுக்கு வலி குறையலாம். ஆனால் நைந்த தசைநாரை அது சரிசெய்யாது.

அந்த வாரங்களில் உள்தொடைக்குப் பலம் ஏற்றும் பயிற்சியைச் செய்தால்தான் ஊசிக்கு அர்த்தம். 1999-இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வில், பயிற்சியை முடித்த 29 பேரில் 23 பேர் வலியில்லாமல் பழைய ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். மசாஜ், லேசர் போன்ற சிகிச்சை பெற்ற 30 பேரில் 4 பேர்தான். அவர்கள் பயிற்சி செய்தது எட்டு முதல் பன்னிரண்டு வாரம். ஒரு மாதத்தில் அவசரப்படுவது உங்களுக்கு நல்லதில்லை.

அப்புறம், 2022 ஜனவரி 1 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிப்படி போட்டிக் காலத்தில் ஸ்டீராய்டு ஊசி எந்த இடத்தில் போட்டாலும் தடை. சோதனை நடக்கும் மட்டத்தில் ஆடுபவர் என்றால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நெய்வேலி வாசகர்: நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி. ஊசி இந்த வலிக்கு உதவுமா?

இந்த வலிக்கு அது உதவும் என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. அந்தப் பணத்தை நல்ல பிசியோதெரபிஸ்டிடம் செலவிடுங்கள்.

கடலூர் பெண்: போலீஸ் தேர்வுக்காகத் தினமும் சில்வர் பீச்சில் ஓடுகிறேன். தொடையிடுக்கில் வலி, இப்போது ராத்திரியிலும் வலிக்கிறது. எக்ஸ்ரே நார்மல். ஊசி போட்டால் ஓடிவிடலாமா?

வேண்டாம் அம்மா. ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள். தொடை எலும்பின் கழுத்தில் மெல்லிய விரிசல் விழுந்திருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகும், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். வலியை அமுக்கிவிட்டு ஓடினால் விரிசல் முழு முறிவாகி, எலும்பு விலகி, அறுவை சிகிச்சை வரை போகும். எடுத்துப் பார்க்கும்வரை ஊன்றுகோல் வைத்துக் காலில் பாரம் கொடுக்காமல் நடங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறதா, எடை குறைக்கச் சாப்பாட்டைக் குறைத்தீர்களா என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த விரிசலுக்கு அவையும் காரணமாகும்.