ஆட முடியாத எலக்ட்ரானிக் இசை: கேள்வி பதில்

கேள்வி: என்னதான் பரிசோதனை என்றாலும், எலக்ட்ரானிக் இசை கடைசியில் ஆட வைக்கத்தானே வேண்டும்?

பதில்: ஆட்டம் இதற்குள் பிற்பாடு வந்து சேர்ந்ததுதான். 1948இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் என்ற பிரெஞ்சு ஒலிப் பொறியாளர் ரயில் ஓசைகளை வட்டுகளில் பதிவு செய்து கோத்தபோது, யாரும் எழுந்து ஆடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. 1956இல் கோலோன் வானொலி நிலையத்தில் ஒரு சிறுவனின் குரலை மின்னொலிகளோடு ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் கலந்ததும் உட்கார்ந்து கேட்பதற்குத்தான்.

அதே சமயம், ஆட்ட இசையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ரோலண்ட் 303 என்ற கருவி பேஸ் கிதாருக்கு மாற்றாகச் செய்யப்பட்டது. அந்த வேலைக்கு அது சரிப்படவில்லை. சிகாகோ இளைஞர்கள் அதன் குமிழ்களைத் தாறுமாறாகத் திருகிப் பார்த்ததில் 1987இல் ஆசிட் ஹவுஸ் என்ற ஆட்ட இசை வகை பதிவாக வெளிவந்தது. ஷேஃபர் செய்ததற்கு எந்த விதத்திலும் குறையாத பரிசோதனை அது. ஆனால் நடந்த இடம் ஆட்டக் களம்.

கேள்வி: வீட்டில் கேட்பதற்கென்றே டெக்னோ என்ற எலக்ட்ரானிக் ஆட்ட இசையைச் செய்தவர்கள் உண்டா?

பதில்: உண்டு. 1992இல் வார்ப் என்ற பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ஒரு தொகுப்பின் அட்டையில் ஒரு ரோபோ சாய்வு நாற்காலியில் கிடக்கும், தரையில் இசைத்தட்டுகள். இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

கேள்வி: நான் இசை அமைக்கிறேன். தாளத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் கேட்பவர்கள் விலகிவிடுகிறார்கள். எங்கே தவறுகிறேன்?

பதில்: மாற்றுவதில் தவறில்லை. 1994இல் பிரிட்டனில், திரும்பத் திரும்ப வரும் பீட்டைக் குறிப்பிட்டே திறந்தவெளி ஆட்டக் கூட்டங்களுக்குத் தடை வரவிருந்தது. அதை எதிர்த்து ஆட்டெக்கர் என்ற இருவர் இசைக் குழுவினர், தாளத்தின் எந்த இரண்டு சுற்றும் ஒன்றாக இல்லாத ஒரு டிராக்கை வெளியிட்டார்கள். கேட்டுப் பாருங்கள், கால் தானாகத் தட்டும். வேகம் மாறுவதில்லை, மேலே மெதுவான சுரங்கள் நிதானமாக நகர்கின்றன. அந்தப் பிடிமானம் இருப்பதால் அடிகள் இடம் மாறினாலும் நாம் தொலைந்துபோவதில்லை.

டிரம் தாளங்களை வைத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. மிக எளிய தாளமும் மிகச் சிக்கலான தாளமும் அசையும் ஆசையைக் குறைவாகவே தூண்டின. நடுவில் இருந்தவைதான் அதிகம் தூண்டின. அடுத்த அடி எங்கே விழும் என்று உடல் ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் சில நேரம் பொய்க்கவும் வேண்டும். எப்போதும் பொய்த்தால் ஊகிப்பதையே விட்டுவிடுவோம். உங்கள் டிராக்கில் ஏதாவது ஒன்றை அசையாமல் வைத்துப் பாருங்கள், ஒரு ஹை-ஹாட் (டிரம் செட்டின் ஜோடித் தட்டு) போதும்.

கேள்வி: 1995இல் ஸ்டாக்ஹவுசன், ஏஃபெக்ஸ் ட்வின் என்ற இளம் எலக்ட்ரானிக் கலைஞரின் இசையைக் கேட்டுவிட்டு, ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை விடச் சொன்னார். உங்கள் இசைக்கு ஆட முடியாதே என்று ட்வின் பதில் சொன்னார். யார் பக்கம் நீங்கள்?

பதில்: இந்த விஷயத்தில் இளையவர் பக்கம். திரும்ப வருவதை வெறும் சோம்பலாகப் பெரியவர் கேட்டார். ஒரே தாளம் நூறாவது முறை வரும்போது நம் காது முதல் முறை கேட்ட காதாக இருப்பதில்லை. ஆனாலும் ஆட முடியாதது ஒரு குறை என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை.

கேள்வி: ஜேலின் (Jlin) என்ற அமெரிக்க எலக்ட்ரானிக் கலைஞரின் இசை பிடிக்கும், ஆனால் அதற்கு எப்படி ஆடுவது?

பதில்: அவர் எடுத்துக்கொண்ட ஃபுட்வொர்க் நிமிடத்துக்கு 160 அடி வேகத்தில் ஓடும் ஆட்ட இசை. நடன அமைப்பாளர் வேய்ன் மெக்ரிகர் 2017இல் மேடையேற்றிய ஒரு நடனத்துக்கு அவர்தான் இசை. நாற்காலியில் இருந்தபடி தோளை மட்டும் அசைத்துத் தொடங்குங்கள், அப்புறம் கால் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும்.