பேஸ் ஆம்ப்: வருடா வருடம் வால்வு மாற்ற வேண்டுமா?

கேள்வி: தேவாலயத்திலும் மெல்லிசைக் கச்சேரிகளிலும் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஆம்பெக் எஸ்.வி.டி. கிளாசிக் ஹெட் (ஸ்பீக்கர் சேராத, ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி) ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. கொஞ்ச நாளாக ஒலி மந்தமாக இருக்கிறது. ஆம்புக்குள் சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களான வால்வுகளை வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாக மாற்ற வேண்டும் என்கிறார் சர்வீஸ்காரர். அவர் சொல்லும் தொகை எனக்குப் பெரிய தொகை. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள். வருடக் கணக்கு வைத்து வால்வு மாற்றச் சொல்வது வால்வு விற்பவரின் கணக்கு. நீங்கள் எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தத்தில் வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் வால்வு தேயும். வாரம் ஒரு ஆராதனையில் நடுத்தரச் சத்தத்தில் வாசிப்பவருக்கும், இரவு முழுக்கத் திருவிழா மேடையில் முழுச் சத்தத்தில் வாசிப்பவருக்கும் ஒரே கெடு எப்படிப் பொருந்தும்?

மந்தமான ஒலிக்கு முதல் சந்தேகம் கம்பிகள் மேல் வர வேண்டும். வியர்வையும் அழுக்கும் ஏறிய பழைய கம்பியில் பளபளப்பான மேல் ஒலி செத்துப்போகும். புதுக் கம்பி போட்டுப் பாருங்கள். அடுத்து வேறொரு கிட்டார் கேபிள், வேறொரு ஸ்பீக்கர் கேபிள். அப்புறம் ஆம்பின் பின்பக்கம் ப்ரீ ஆம்ப் அவுட், பவர் ஆம்ப் இன் என்ற இரண்டு ஜாக்குகள் இருக்கும். உள்ளே போகும் சிக்னல் அந்த ஜாக்கின் தொடுமுனை வழியாகத்தான் போகிறது. அதில் கறுப்புப் படிந்தால் சத்தம் குறையும், விட்டு விட்டு வரும். ஒரு சின்ன பேட்ச் கேபிளால் இரண்டையும் இணைத்துப் பாருங்கள். ஒலி திரும்பினால் ஜாக்கைச் சுத்தம் செய்தால் போதும். இந்த ஒரு கோளாறுக்காகவே நல்ல வால்வுகளைக் கழற்றிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

இதெல்லாம் சரியாக இருந்தால் வால்வுக்கு வரலாம். உங்கள் ஆம்பில் பெரிய வால்வுகள் ஆறு, 6550 வகை. அவைதான் 300 வாட்டையும் தருபவை, தேய்பவையும் அவைதான். அடிக்கம்பியை அழுத்தி வாசிக்கும்போது ஒலி இறுக்கம் இழந்து தொளதொளவென்று வந்தாலோ, முன்பு எட்டிய சத்தத்தை இப்போது எட்டாவிட்டாலோ, பியூஸ் அடிக்கடி போனாலோ அவற்றைச் சந்தேகிக்கலாம். விளக்கை அணைத்துவிட்டுக் காற்றுத் துளைகள் வழியே பாருங்கள். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் இழை ஒளிர்வது இயல்பு. கண்ணாடியை ஒட்டி நீல ஒளி தெரிந்தாலும் பயப்பட வேண்டாம்; அதைக் காட்டியே வால்வு போச்சு என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் சாம்பல் நிற உலோகத் தகடே சிவந்து பழுத்தால் உடனே ஆம்பை அணையுங்கள். கண்ணாடியின் உட்புறம் வெள்ளிப் பூச்சாக இருக்க வேண்டிய இடம் பால்போல வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது. அந்த வால்வு முடிந்தது.

சின்ன வால்வுகள், அதாவது 12ஏஎக்ஸ்7 மாதிரியானவை, பத்து வருடம்கூடச் சாதாரணமாக ஓடும். பென்சிலின் பின்முனையால் ஒவ்வொன்றாக மெல்லத் தட்டும்போது எது ஸ்பீக்கரில் கணீரென்று ஒலிக்கிறதோ, எது கரகரக்கிறதோ அதை மட்டும் மாற்றினால் போதும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. எஸ்.வி.டி. குடும்பத்தில் பெரிய வால்வுகளை ஓட்டும் டிரைவர் வால்வுகளும் பார்க்கச் சின்னவைதான். ஆனால் அவை பெரிய வால்வுகளின் கிரிட்டோடு, அதாவது சிக்னல் நுழையும் முனையோடு, நடுவில் கெப்பாசிட்டர் இல்லாமல், நேரடியாக இணைந்திருக்கும். டிரைவர் தளர்ந்தால் பெரிய வால்வுகளின் பயாஸும், அதாவது வாசிக்காதபோதும் அவற்றில் ஓடும் மின்னோட்டத்தின் அளவை வைக்கும் அமைப்பும், தடுமாறும். புது 6550 ஆறும் போட்ட பிறகு பயாஸ் நிற்கவில்லை என்றால் அந்த ஆறையும் குறை சொல்லிப் பயனில்லை. டிரைவரைச் சோதிக்க வேண்டும். அதைப் பார்க்காமல் இரண்டாவது செட்டையும் வாங்க வைப்பார்கள். ஆகவே பெரிய வால்வுகளை மாற்றும் நாளில் டிரைவர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள், சந்தேகம் இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். விலை குறைவுதான்.

வால்வு வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். இன்று ஆம்ப் வால்வு செய்யும் தொழிற்சாலைகள் உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுதான்: ரஷ்யாவில் சரடோவ் ஊர் ஆலை, ஸ்லோவாக்கியாவில் ஜேஜே கம்பெனி, அப்புறம் சீனா. சோவ்டெக், எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், டங்-சால் என்ற பிராண்டுகள் எல்லாம் ஒரே சரடோவ் ஆலையிலிருந்து வருபவை. முல்லார்ட் என்ற பழைய பிரிட்டிஷ் பெயரிலும் அங்கேயே வால்வு செய்கிறார்கள். அவை நல்ல வால்வுகள்தான். அதையே ‘அந்தக் காலத்து லண்டன் சரக்கு’ என்று சொல்லிப் பல மடங்கு விலை வைப்பதுதான் அநியாயம். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது விலை ஏறியது. நம் ஊரில் அதன் மேல் சுங்க வரி, கூரியர் கட்டணம், இடைத்தரகர் லாபம் எல்லாம் சேரும். உடைந்து வந்தால் திருப்பி எடுப்பாரில்லை. சர்க்யூட் வரைபடம் கேட்டால் கம்பெனிகள் அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்குப் போகச் சொல்கின்றன. அந்த மையம் நம் மாவட்டத்திலேயே இருக்காது. வாசிக்கிறவர்தான் எல்லா நஷ்டத்தையும் சுமக்கிறார்.

நீங்களே ஆம்பைத் திறக்க வேண்டாம். உள்ளே 700 வோல்ட் அளவுக்கு மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும். பென்சில் சோதனையையும் தெரிந்தவர் கையில் விடுங்கள்.

சர்வீஸ்காரரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள். ஆறு வால்வுகளின் மின்னோட்டத்தையும் தனித்தனியாக அளந்தீர்களா, அளவு என்ன? புதுசு போட்டால் மேட்ச் செய்த (ஒரே மாதிரி அளவு காட்டும்) செட்டாகப் போட்டு, பயாஸ் வைத்து, அந்த அளவை எழுதித் தருவீர்களா? எழுதித் தருபவரிடம் வேலையைக் கொடுங்கள். பழைய ஆறையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; அதில் இன்னும் நன்றாக இருப்பது அவசரத்துக்கு உதவும், வேறொருவர் ஆம்பில் புதுசாக விற்கப்படாமலும் இருக்கும்.