பைத்தானில் எஃப்டிபிஎஸ் (டிஎல்எஸ் குறியாக்கத்தோடு கோப்பு அனுப்பும் முறை) இணைப்புக்கு கிளையன்ட் சான்றிதழைக் கொடுப்பது எப்படி? கையில் இருப்பது பிஎஃப்எக்ஸ் கோப்பு (சான்றிதழும் தனிச்சாவியும் ஒன்றாக அடங்கியது).

பிஎஃப்எக்ஸை பைத்தானின் எஸ்எஸ்எல் மாட்யூல் நேரடியாகப் படிக்காது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பிகேசிஎஸ்12 கட்டளையால் அதை பெம் என்ற உரை வடிவத்துக்கு மாற்றுங்கள். சான்றிதழ் ஒரு கோப்பாகவும் தனிச்சாவி இன்னொரு கோப்பாகவும் வெளியே வரவேண்டும். இடைநிலைச் சான்றிதழ் இருந்தால் உங்கள் சான்றிதழுக்குக் கீழே, அதே கோப்பில் ஒட்டுங்கள்.

கிரியேட்_டிஃபால்ட்_காண்டெக்ஸ்ட் தரும் பொருளில் லோட்_செர்ட்_செயினை அழைத்து இரு கோப்புகளையும் ஏற்றி, எஃப்டிபிலிப் மாட்யூலின் எஃப்டிபி_டிஎல்எஸ்ஸுக்கு காண்டெக்ஸ்டாகக் கொடுங்கள். பழைய உதாரணங்களில் உள்ள கீஃபைல், செர்ட்ஃபைல் அளவுருக்கள் இரண்டும் 3.12 பதிப்பிலேயே போய்விட்டன.

லாகின் ஆனதும் ப்ராட்_பி அழைப்பு கட்டாயம். விட்டால் கடவுச்சொல் மட்டும் பத்திரமாகப் போகும்; கோப்பு அப்பட்டமாகப் போகும். பலரும் சறுக்கும் இடம் இதுதான்.

கோப்பு அனுப்பும்போது மட்டும் விஎஸ்எஃப்டிபிடி (ஒரு எஃப்டிபி சர்வர்) 522 பிழை தந்து 'செஷன் ரீயூஸ்' கேட்டால், சான்றிதழைக் குறை சொல்லாதீர்கள். கட்டளைகள் போகும் கட்டுப்பாட்டு இணைப்பின் டிஎல்எஸ் செஷனையே, கோப்பு போகும் டேட்டா இணைப்பிலும் அந்த சர்வர் எதிர்பார்க்கிறது. எஃப்டிபிலிப் தானாக அதைச் செய்வதில்லை. எஃப்டிபி_டிஎல்எஸ்ஸின் என்டிரான்ஸ்ஃபர்சிஎம்டி மெத்தடை ஓவர்ரைடு செய்து, ராப்_சாக்கெட் அழைப்பில் செஷனாக செல்ஃப்.சாக்.செஷனைக் கொடுங்கள். செர்ட்_நன் போட்டுச் சரிபார்ப்பை அணைப்பது இதற்கு மருந்தே இல்லை.