டெக்சாஸில் துப்பாக்கியும் தோல் நிறமும்: எச்1பி-யில் வந்த தம்பிக்கு

தம்பி, சென்னையிலிருந்து டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவுக்குப் புதிதாக வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எச்1பி, வேலைக்கான தற்காலிக விசா. வெள்ளைக்கார டீம் லீட் வரும் சனிக்கிழமை ஷூட்டிங் ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்குக் கூப்பிடுகிறார், துப்பாக்கி இல்லாமல் சுதந்திரமே இல்லை என்கிறார். கறுப்பின நண்பர் ஒருவரும் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கிறார், ஆனால் அதைக் காரில் எடுத்துப்போகத் தயங்குகிறார். இன்னொரு கறுப்பினச் சகோதரி சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்கிறார். ஒரே சட்டம், ஆளுக்கொரு பேச்சு, இதில் நிறத்துக்குப் பங்கு உண்டா என்று கேட்கிறீர்கள். ரேஞ்சுக்குப் போகலாமா என்பதும் கேள்வி.

சனிக்கிழமை நெருங்கிவிட்டதால் ரேஞ்ச் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போகாதீர்கள். எச்1பி, எச்4, எல்1, எஃப்1, பி2 என எந்தத் தற்காலிக விசாவில் வந்திருந்தாலும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்றில்லை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்தாலும், நண்பருடையதை வாங்கிச் சுட்டாலும் 'வைத்திருந்தது' என்ற கணக்கில் வந்துவிடும். 2022-க்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. மாநிலத்தின் வேட்டை லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம்.

உங்கள் டெக்சாஸ் டிரைவிங் லைசென்ஸில் 'லிமிட்டெட் டெர்ம்' என்று அச்சாகியிருக்கும், தற்காலிகமாகத் தங்குபவர் என்பதற்கான அடையாளம் அது. ரேஞ்சு கவுண்டரில் இருக்கும் பையனுக்கு அதன் அர்த்தம் தெரியாமல் போகலாம். அவன் உள்ளே விட்டுவிட்டான் என்பதால் சட்டம் உங்களை விட்டுவிடாது. ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து ஃபுளோரிடாவுக்குப் படிக்க வந்த மாணவர் ஒருவர், கல்லூரி அவரை நீக்கிய பிறகு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டதற்காகத் தண்டனை பெற்றார். உச்ச நீதிமன்றம் 2019-ல் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. உங்கள் நிலை உங்களுக்கு நன்றாகவே தெரியும், ஆகவே அந்த வாதம் உங்களுக்கு உதவாது. கிரீன் கார்டு கையில் வந்தால் வாங்கலாம், விண்ணப்பம் நிலுவையில் இருப்பது போதாது. கார்டு வந்த பிறகும் துப்பாக்கிக் குற்றம் ஒன்று நிரூபணமானால் நாடு கடத்தலுக்கே வழியாகும்.

இனி நிறத்துக்கு வருவோம். பியூ ஆய்வு மையத்தின் 2023 கணக்குப்படி வெள்ளையரில் 38 சதவீதம் பேரிடம் துப்பாக்கி இருக்கிறது. கறுப்பினத்தவரில் 24, லத்தீன் வம்சாவளியினரில் 20, ஆசியரில் 10. சட்டம் இன்னும் கடுமையாக வேண்டும் என்போர் கறுப்பினத்தவரில் நான்கில் மூன்று பங்கு, வெள்ளையரில் ஏறக்குறைய பாதி. இதற்கெல்லாம் நிறம் மட்டுமே காரணம் என்று சொன்னால் தப்பு. கிராமமா நகரமா, எந்தக் கட்சி என்பதும் வலுவாக வேலை செய்கிறது. போலீஸ் வந்து சேர அரைமணி ஆகும் கவுண்டியில் வளர்ந்தவருக்குத் துப்பாக்கி வீட்டுச் சாமான்களில் ஒன்று. துப்பாக்கியால் வரும் சாவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை: வெள்ளையரிடம் பெரும்பாலும் தற்கொலை, அது வெளியே பேசப்படுவதில்லை. கறுப்பினத்தவரிடம் பெரும்பாலும் கொலை, தெருவே கூடி அழுகிறது. அந்தச் சகோதரி சட்டம் கேட்பது அந்தத் தெருவிலிருந்து.

அவருடைய முன்னோரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்றே சட்டம் போட்ட நாடு இது. அடிமைமுறை ஒழிந்த 1865-லேயே மிசிசிப்பி மாநிலம், உள்ளூர் வாரியத்தின் அனுமதி இல்லாமல் விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றது. 1956-ல் மாண்ட்கோமரியில் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் கைத்துப்பாக்கி லைசென்ஸ் கேட்டார், கொடுக்கவில்லை. அனுமதி தருவது அதிகாரியின் விருப்பம் என்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

கலிஃபோர்னியாவைப் பாருங்கள். 1967 வரை அங்கே குண்டு நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தித் தெருவில் நடக்கலாம். ஓக்லாந்தில் பிளாக் பாந்தர் கட்சியினர் அந்த உரிமையை வைத்துத்தான் போலீஸ் ரோந்தைப் பின்தொடர்ந்து கண்காணித்தார்கள். அதைத் தடுக்க மல்ஃபோர்ட் என்ற சட்டமன்ற உறுப்பினர் மசோதா கொண்டுவர, 1967 மே 2 அன்று பாந்தர்கள் ஆயுதத்தோடு சாக்ரமென்டோ சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். மூன்று மாதத்துக்குள் மசோதா சட்டமானது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்டு ரீகன், ஆதரித்தது தேசிய ரைஃபிள் சங்கம். இன்று துப்பாக்கி உரிமையின் காவலர்களாகப் பேசப்படும் இரண்டு பெயர்கள்.

துப்பாக்கி யார் கையில் என்பதைப் பொறுத்துக் கருத்து மாறுவதை ஆராய்ச்சியாளர்கள் பரிசோதனையிலும் கண்டிருக்கிறார்கள். 2016-ல் வெளியான ஒரு பரிசோதனையில், கறுப்பினத்தவர் படங்கள் காட்டப்பட்ட வெள்ளையரிடம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கான ஆதரவு குறைந்தது. அதற்குப் பின் வந்த இன்னொன்றில், கறுப்பினத்தவர்தான் சட்டப்படி மறைத்து ஏந்தும் லைசென்ஸை அதிகம் எடுக்கிறார்கள் என்று சொன்னதும், கறுப்பினத்தவர் மேல் மனக்கசப்பு மிகுந்த வெள்ளையரிடம் அந்த உரிமைக்கான ஆதரவே இறங்கியது. இரண்டும் முரண் போலத் தெரியும், ஆனால் வேர் ஒன்றுதான். அந்த மனத்தில் துப்பாக்கி 'அவர்களிடமிருந்து நம்மைக் காக்க'. 'அவர்கள்' கைக்கே அது போனதும் உரிமை ஆபத்தாகிவிடுகிறது. எல்லா வெள்ளையரும் இப்படி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் டீம் லீட் மனத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

உங்கள் நண்பரின் தயக்கத்துக்கு ஒரு பெயர் உண்டு: ஃபிலாண்டோ காஸ்டீல். மினசோட்டாவில் பள்ளி உணவகத்தில் வேலை பார்த்த 32 வயதுக்காரர். 2016 ஜூலை 6 அன்று போலீஸ் அவர் காரை நிறுத்தியது. பின்விளக்கு பழுது என்பது சொன்ன காரணம். அதற்கு முன்பே, மூக்கு அகலமாக இருப்பதால் கொள்ளைக்காரன் சாயல் தெரிகிறது என்று அந்த அதிகாரி வயர்லெஸ்ஸில் சொல்லியிருந்தார். லைசென்ஸ் பெற்ற காஸ்டீல், தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகத் தானே சொன்னார். சில நொடிகளில் ஏழு குண்டுகள், காஸ்டீல் இறந்துபோனார். பின் சீட்டில் நான்கு வயதுக் குழந்தை. அதிகாரி 2017-ல் விடுதலையானார். சம்பவம் நடந்து இரண்டு நாள் கழித்து ரைஃபிள் சங்கம் காஸ்டீல் பெயரைக்கூடச் சொல்லாமல் ஓர் அறிக்கை விட்டிருந்தது. லைசென்ஸ் இருந்தாலும் உரிமை தன்னைக் காக்காது என்று கறுப்பின உரிமையாளர்கள் பலர் நினைப்பது இதனால்தான்.

அதற்காகக் கறுப்பினத்தவர் எல்லோரும் கட்டுப்பாட்டுப் பக்கம் என்று முடிவு கட்டாதீர்கள். சிகாகோவின் கைத்துப்பாக்கித் தடையை உடைத்த 2010 வழக்கைப் போட்ட ஓட்டிஸ் மெக்டொனால்டு, எழுபது தாண்டிய கறுப்பின முதியவர். வெளியே துப்பாக்கி எடுத்துப்போகும் லைசென்ஸுக்குத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் விதியை உச்ச நீதிமன்றம் 2022-ல் ரத்து செய்தபோது, ஏழைகளுக்கு வாதாடும் கறுப்பின வழக்கறிஞர்கள் சிலர் ரத்து செய்யச் சொல்லியே மனு கொடுத்திருந்தார்கள். லைசென்ஸ் இல்லை என்று சிறைக்குப் போவது பெரும்பாலும் தாங்கள் வாதாடும் கறுப்பின, லத்தீன் மக்கள்தான் என்பது அவர்கள் வாதம்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். உங்களைப் பார்ப்பவர் என்னவாகப் பார்ப்பார் என்பது உங்கள் கையில் இல்லை. 2015-ல் அலபாமாவின் மேடிசன் நகரில், பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்த 57 வயதுப் பெரியவர் காலை நடை போனார். ஒல்லியான கறுப்பர் ஒருவர் சுற்றுகிறார் என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் போலீஸுக்கு போன் செய்தார். ஆங்கிலம் தெரியாத அவரை அதிகாரி தரையில் தள்ளியதில் தண்டுவடம் அடிபட்டு உடல் இயக்கம் பாதித்தது. அப்பா அம்மா வரும்போது, வீட்டு முகவரியும் உங்கள் செல் எண்ணும் ஆங்கிலத்தில் எழுதிய அட்டையைப் பையில் வைத்து அனுப்புங்கள். முதல் வாரமே பக்கத்து வீட்டாரிடம் அறிமுகம் செய்துவிடுங்கள். போலீஸ் கூப்பிட்டால் நின்று கையை வெளியே தெரியும்படி வைக்கட்டும், இடுப்புக்கோ பைக்கோ கை போக வேண்டாம்.

கார் நிறுத்தப்பட்டால், நம் ஊர் வழக்கப்படி இறங்கிப் போலீஸை நோக்கி நடந்துவிடாதீர்கள். கண்ணாடியை இறக்கி, இரவானால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வையுங்கள். லைசென்ஸை எடுக்கும் முன் எங்கே இருக்கிறது என்று சொல்லி, அவர் சரி என்ற பிறகு எடுங்கள். இன்சூரன்ஸ் காகிதத்தை கிளவ் பாக்ஸின் அடியில் புதைக்காமல் கண்ணில் படும் இடத்தில் வைப்பது நல்லது.

விருந்துக்குப் போகும்போது முகவரியின் கடைசிச் சொல் வரை சரிபாருங்கள். ஒரே தெருப்பெயர் டிரைவ், லேன், கோர்ட் என்று பல வாலோடு வரும். 2023-ல் கான்சஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயதுக் கறுப்பினப் பையன், 115-வது டெரஸ் என்பதற்குப் பதில் 115-வது ஸ்ட்ரீட் வீட்டு மணியை அடித்தான், கதவுக்குப் பின்னாலிருந்து சுட்டார்கள். அவன் பிழைத்தான். 1992-ல் லூசியானாவில் ஹாலோவீன் விருந்துக்கு வீடு மாறிப் போன ஜப்பானிய மாணவன் பிழைக்கவில்லை. சுட்டவர் குற்றவியல் வழக்கில் விடுதலையானார். மணி அடித்துவிட்டு வெளிச்சத்தில் இரண்டடி தள்ளி நில்லுங்கள், கைப்பிடியைத் தொடாதீர்கள், சந்தேகம் இருந்தால் வாசலிலிருந்தே நண்பருக்கு போன் போடுங்கள். தீபாவளிக்கு ஊரிலிருந்து கொண்டுவரும் பொட்டு கேப் துப்பாக்கியைப் பிள்ளைகள் தெருவிலோ பார்க்கிலோ நீட்டக் கூடாது. கிளீவ்லாந்தில் 2014-ல் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிய 12 வயது டாமிர் ரைஸைப் போலீஸ் வந்திறங்கிய இரண்டு நொடியில் சுட்டது.

டீம் லீடிடம், என் விசாவுக்குக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை என்ற ஒரே வரி போதும், துப்பாக்கி பற்றிய உங்கள் கருத்தை அதில் சேர்க்க வேண்டாம். ரேஞ்சு முடிந்து அவர்கள் சாப்பிடப் போகும் இடத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். கறுப்பின நண்பரிடம், நீங்களும் வைத்திருக்கிறீர்களே, பிறகு என்ன பயம் என்று கேட்டுவிடாதீர்கள். அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள்.