எரிமலையா, எட்டுக்கால் பூச்சியா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன் ஐயா. எட்டுக்கால் பூச்சி என்றால் எனக்கு உயிரே போய்விடும். அறிவியல் புராஜெக்டுக்கு அதையே எடுத்துக்கொள், பயம் தெளிந்துவிடும் என்கிறார் டீச்சர். “வேண்டாத வேலை, அண்ணன் செய்த எரிமலை மாடல் பரண்மேல் கிடக்கிறது, அதைக் கொண்டுபோ” என்கிறார் அப்பா. யார் பேச்சைக் கேட்பது? பயம் நிஜமாகவே போய்விடுமா?

பதில்: எரிமலை பரண்மேலேயே இருக்கட்டும் தம்பி. அண்ணன் செய்ததைத் தூக்கிக்கொண்டு போனால் உனக்குச் சேர வேண்டியது மதிப்பெண் அல்ல, சுமைகூலி.

டீச்சர் சொன்னதும் பாதிதான் சரி. தலைப்பை எடுத்துவிட்டால் மட்டும் பயம் ஓடிவிடாது. இணையத்திலிருந்து நாலு படத்தை எடுத்து, அதையும் தங்கையை விட்டு ஒட்டச் சொல்லி, ஒரு பூச்சியைக்கூடப் பார்க்காமல் முழு மதிப்பெண் வாங்கிவிட முடியும். அப்படிச் செய்வதாக இருந்தால் எரிமலையே தேவலை. பயந்து விலகும்போதெல்லாம் “அப்பாடா” என்று ஒரு நிம்மதி வருகிறதே, பயம் அதைத் தின்றுதான் வளர்கிறது. விலகாமல் நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ள மனசுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையை எழுதி வெளியிட்டார். ஏறக்குறைய மூன்று வயதுப் பையன், முயலைக் கண்டால் நடுங்குவான். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டிலிருக்கும் முயலைத் தள்ளி வைத்து, அவன் முகம் மாறாத அளவுக்கு மெல்ல மெல்லக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் தன் விரலை முயல் கொறிப்பதற்கும் விட்டான் அந்தப் பையன். எடுத்த எடுப்பில் மடியில் தூக்கிப் போடவில்லை, கவனி. “கையில் விட்டால் சரியாகிவிடும்” என்று அண்ணன் கிளம்பினால் ஒத்துக்கொள்ளாதே.

நீயும் படிப்படியாகப் போ. மூலையில் செத்துக் கிடக்கும் ஒன்றிலிருந்து ஆரம்பி. காலெல்லாம் உள்பக்கம் மடங்கியிருக்கும். ஏன்? சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு; முக்கியமான மூட்டுகளில் நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம்தான் காலை நீட்டுகிறது. செத்ததும் அழுத்தம் போய்விடும், கால் சுருண்டுவிடும். லென்ஸ் வைத்து அந்த மூட்டுகளை வரைந்து பார்.

அப்புறம் உயிருள்ளது. உன்னால் நிற்க முடிகிற தூரத்தில் நின்று வலையை மட்டும் வரை. மறுநாள் ஓரடி முன்னால். நடுவிலிருந்து விரியும் ஆரக்கம்பிகள் எத்தனை, சிலந்தி எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறது என்று குறித்துக்கொள். வட்ட வலை பின்னும் சிலந்திகளுக்குப் பொதுவாகப் பார்வை மந்தம். அதிர்வை வைத்துத்தான் இரை மாட்டியதை அறிகின்றன. சி. வி. பாய்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் அதிரும் இசைக்கவையால் (தட்டினால் ஒலிக்கும் டியூனிங் ஃபோர்க்) வலையைத் தொட்டுப் பார்த்து 1880-ல் எழுதினார்: இரைதான் சிக்கிவிட்டது என்று சிலந்தி அதை நோக்கி ஓடிவந்திருக்கிறது. இதையே நீ செய். எந்த இழையைத் தொட்டால் எத்தனை நொடியில் வருகிறது? இதை எண்ணிக்கொண்டிருக்கிறவனுக்கு அலற நேரம் இருக்காது என்பது என் கட்சி. கையால் மட்டும் தொடாதே. மனிதருக்கு ஆபத்தானவை சில வகைகள்தான் என்றாலும் எது எது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டீச்சரைக் கூட வைத்துக்கொள்.

பயம் அடியோடு போகும் என்று நான் எழுதித் தர மாட்டேன். குறையும். கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப எட்டிப் பார்க்கவும் செய்யும். அப்போது மறுபடி கிட்டே போக வேண்டியதுதான். ஆனால் பார்த்ததுமே மூச்சு முட்டுகிறது, அந்த அறைக்குள்ளேயே போக முடியவில்லை என்றால் புராஜெக்டை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார். அது மதிப்பெண் போடுகிறவர் கையில் விடுகிற விஷயம் அல்ல.

அப்பாவிடம் செலவு ஒன்றும் இல்லை என்று சொல். லென்ஸும் இசைக்கவையும் பள்ளி ஆய்வகத்திலேயே கிடைக்கும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.