ஒரே ஒரு பந்தய கேமுக்காக ஸ்விட்ச் வாங்கலாமா? கேள்வி பதில்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்தால் போதும், வீட்டுக்கு வீடு ஒரே கோரிக்கைதான்: மரியோ கார்ட். அந்தக் கார் பந்தய கேமின் முழு வடிவம் நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் போன்ற விளையாட்டுக் கருவிகளில்தான் ஓடும். ஆகவே ஒரு கேமுக்காக ஒரு கன்சோலே வாங்க வேண்டியிருக்கிறது. இது தகுமா என்று பலரும் கேட்டதால் எல்லாருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் இந்தக் கருவிகளைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில், விற்பதில்லை. வாங்காதீர்கள் என்று சொல்வதால் எனக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தாய்: அண்ணாச்சி, மகனுக்குப் பதின்மூன்று வயது, மகளுக்கு ஏழு. இரண்டு பேரும் மரியோ கார்ட் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். ஒரு கேமுக்காக இவ்வளவு பணம் போடலாமா?

உங்கள் வீட்டில் போடலாம், அக்கா. ஓட்ட இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதுதான் காரணம். தனியாக ஒரு பிள்ளை மட்டும் என்றால் இவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டேன்.

மரியோ கார்ட் 8 டீலக்ஸ் 2017 ஏப்ரலில் வந்தது. முதலில் 48 தடங்கள். பிறகு 2022 மார்ச் முதல் 2023 நவம்பர் வரை தவணை தவணையாக இன்னும் 48 தடங்களைத் தனி விலைக்குக் கொடுத்தார்கள். முதல் 48 தடங்களே இரண்டு கோடை விடுமுறைகளுக்குத் தாங்கும். கூடுதல் தடங்களை இப்போது வாங்க வேண்டாம்.

ஸ்விட்ச் பெட்டிக்குள் ஜாய்கான் என்று இரண்டு சிறு கட்டுப்பாட்டுக் கருவிகள் இருக்கும். அவற்றைக் கழற்றிப் படுக்கை வாக்கில் பிடித்தால் ஆளுக்கு ஒன்று. வேறு எதுவும் வாங்காமல் அன்று மாலையே அண்ணனும் தங்கையும் ஓட்டலாம். இன்னொரு ஜோடி வாங்கினால் டிவி திரையை நான்காகப் பிரித்து நான்கு பேர் ஓட்டலாம்.

ஏழு வயதுக் குழந்தை எப்படி ஈடு கொடுக்கும் என்ற கவலை வேண்டாம். தானாகத் திரும்பும் உதவி ஒன்று கேமிலேயே உண்டு. அதைப் போட்டுவிட்டால் வண்டியின் பின்னால் ஒரு சின்ன ஆன்டெனா முளைத்திருக்கும். வண்டி பாதையை விட்டு விழாது. தானாக முடுக்கும் வசதியும் தனியாக உண்டு. பின்தங்கி ஓடுகிறவருக்குத்தான் வலுவான ஆயுதங்கள் கிடைக்கும், முன்னால் ஓடுகிறவருக்குப் பெரும்பாலும் நாணயமும் வாழைப்பழத் தோலும்தான். தங்கை சில பந்தயங்களில் ஜெயிப்பாள். அப்போது மகன் "இது ஏமாற்று" என்று சண்டைக்கு வருவான். அதற்கு நான் பொறுப்பில்லை.

அவன் வயதுக்கு அந்த உதவியை அணைத்துவிடுங்கள். வளைவில் வண்டியைச் சறுக்கவிட்டால் சக்கரத்தடியில் நீலப் பொறி பறக்கும். விடாமல் பிடித்தால் ஆரஞ்சு, அதற்கும் மேல் ஊதா. ஊதா வரும்வரை பொறுத்துவிட்டு விரலை எடுத்தால் வண்டி சீறிக்கொண்டு போகும். உதவி போட்ட வண்டிக்கு அந்த ஊதா கிடைக்காது. சில குறுக்கு வழிகளுக்குள்ளும் அது விடாது. விளையாட்டின் ருசியே அந்த ஊதாவில்தான் இருக்கிறது.

வள்ளியூரிலிருந்து: ஸ்விட்ச் லைட் விலை குறைவாக இருக்கிறதே, அது போதாதா?

இந்தக் கேமுக்குப் போதாது. 2019-ல் வந்த லைட்டை டிவியில் இணைக்க முடியாது, ஜாய்கானைக் கழற்றவும் முடியாது. 5.5 அங்குலத் திரையை ஒருவர் மடியில் வைத்து ஓட்ட, மற்றவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டியதுதான். இரண்டு லைட்டுகளை அருகருகே வைத்து ஓட்டலாமே என்றால், இரண்டு கேம் வாங்க வேண்டும். மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போய்விடும். எப்போதும் தனியாக விளையாடுகிறவர் வாங்கட்டும்.

பேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணே, எனக்கு நிஜக் கார் ஓட்டுவது போன்ற கேம்கள்தான் பிடிக்கும். கணினியில் ஓட்டுகிறேன். பஸ்ஸில் போகும்போது ஓட்ட ஸ்விட்ச் சரியா?

தம்பி, உங்களுக்கு அது சரிப்படாது. ஜாய்கானின் பின்புற விசைகள் வெறும் பொத்தான்கள்: அழுத்தினால் முழுதாக வேலை செய்யும், விட்டால் நின்றுவிடும். பாதி மிதி, கால் மிதி என்ற பேச்சே இல்லை. ஈரத்தடத்தில் பிரேக்கை மெல்ல மெல்ல விடுவது, வளைவு முடியும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது, இவைதானே உங்களுக்குப் பிடித்தவை? ஸ்விட்சில் இவை எடுபடாது. மரியோ கார்ட்டுக்கு இது குறையே அல்ல. அதில் முடுக்குவதே ஒரு சாதாரணப் பொத்தானால்தான்.

ஸ்டீம் டெக், ரோக் ஆலை போன்ற கையடக்க கேம் கணினிகளில் அழுத்தத்தின் அளவை உணரும் விசைகள் உண்டு. கணினி கேம்களும் அவற்றில் ஓடும். ஸ்டீம் டெக்கை அதன் நிறுவனம் இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. ரோக் ஆலை 2023 முதல் இங்கே முறையாக விற்பனைக்கு வந்தது. ஆனால் வீட்டில் கணினி இருக்கும்போது, பேட்டையிலிருந்து கல்லூரிக்குப் போகும் பஸ்ஸுக்காக அவ்வளவு பணமா? அதைக் கொண்டு ஒரு ஸ்டியரிங் செட் வாங்குங்கள்.

மேலப்பாளையம்: மச்சான் துபாயிலிருந்து விடுமுறைக்கு வருகிறார். அங்கேயே வாங்கி வரச் சொல்லலாமா?

தாராளமாக. இங்கே கடையில் கிடைப்பவையும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவையே. நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாகக் கடை போடவில்லை. ஆகவே உத்தரவாதம் என்பது கடைக்காரரின் வாய்ச்சொல் அளவுதான். பழுதானால் என்னைப் போன்றவர்களிடம்தான் வர வேண்டும்.

சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், மின்மாற்றி வேண்டாம். துபாய் பிளக் மூன்று பட்டை முள்ளோடு வரும், ஒரு மாற்றுப் பிளக் போதும். கார்ட்ரிட்ஜ் என்கிற, கேம் பதிந்த சிறு வில்லைக்கு நாட்டுக் கட்டுப்பாடு இல்லை, எங்கே வாங்கியதும் ஓடும்.

ஒன்றில் மட்டும் கண்ணாக இருக்கச் சொல்லுங்கள். ஸ்விட்சுக்கு அடுத்து வந்த ஸ்விட்ச் 2-வில் ஜப்பானுக்கென்றே விலை குறைத்து ஒரு மாடல் விட்டிருக்கிறார்கள். அதில் ஜப்பானிய மொழியைத் தவிர வேறு மொழி வராது. ஜப்பான் கணக்கு மட்டுமே ஏற்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கி வந்துவிட்டால், மொழியை மாற்றித் தாருங்கள் என்று என்னிடம் வருவதில் பயனில்லை.

நெல்லை டவுனிலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, பேரன் புதிய ஸ்விட்ச் 2-தான் வேண்டும் என்கிறான். பழையது ஆகாதா?

பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஐயா. 2025 ஜூனில் ஸ்விட்ச் 2-வோடு மரியோ கார்ட் வேர்ல்டு வந்தது. பழையதில் 12 வண்டிகள், இதில் 24. ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்குச் சாலை வழியாகவே ஓட்டிப் போகலாம். பந்தயம் இல்லாத நேரத்தில் சும்மா ஊர் சுற்றவும் செய்யலாம். எனக்கென்னவோ 8 டீலக்ஸின் தடங்களே இன்னும் இறுக்கமாக அமைந்தவை என்று படுகிறது. பேரன் ஒப்புக்கொள்ளமாட்டான்.

கடையில் முழு விலை கொடுத்துப் புதிதாக வாங்குவதென்றால் ஸ்விட்ச் 2 வாங்குங்கள். 8 டீலக்ஸும் அதில் ஓடும். கை மாறிய சரக்குதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் பழைய ஸ்விட்ச் போதும். பழைய ஸ்விட்சைப் புது விலைக்கு வாங்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

தென்காசி: அப்படிக் கை மாறியதை வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஜாய்கானின் குச்சிதான் முதல் எதிரி. தொடாமலே ஒரு பக்கமாக இழுக்கும் நோய் அதற்கு உண்டு. என் மேசைக்கு அதிகம் வருவதும் அதுதான். அமைப்புகளில் கட்டுப்பாட்டுக் கருவிகள் பகுதிக்குப் போய், குச்சியைச் சரிசெய்யும் திரையைத் திறந்து, குச்சியைச் சுற்றிவிட்டு விரலை எடுங்கள். புள்ளி நடுவில் வந்து அசையாமல் நிற்க வேண்டும். நடுங்கினாலோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ குச்சியை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். காந்தத்தால் இயங்கும் மாற்றுக் குச்சிகள் இப்போது கிடைக்கின்றன, அவற்றுக்கு இந்தத் தேய்மானம் இல்லை.

டிவியில் இணைத்துப் பாருங்கள். கார்ட்ரிட்ஜ் ஒன்றைச் செருகிப் பாருங்கள். கடைசியாக, விற்பவர் முன்னாலேயே இணையத்தில் நுழைந்து பாருங்கள். திருட்டு கேம் ஏற்றியதால் நிண்டெண்டோ தடை செய்த கருவிகள் சந்தையில் உலவுகின்றன. "நூறு கேம் இலவசம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சேரன்மகாதேவி: நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் சென்னை வரை சார்ஜ் நிற்குமா?

2019-க்குப் பிந்திய ஸ்விட்ச் என்றால் நான்கரை முதல் ஒன்பது மணி நேரம் என்று கணக்கு. முதலில் வந்தது இரண்டரையிலிருந்து ஆறரை. ஸ்விட்ச் 2-வும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான். கோவில்பட்டி தாண்டியதும் பெட்டியில் விளக்கை அணைத்துவிடுவார்கள், அப்புறம் எதற்குச் சார்ஜ்? ஒலியைக் குறையுங்கள், மேல் பெர்த்காரர் கும்பிடுவார்.

ராதாபுரம்: மொட்டை மாடிக் கொட்டகையில் வைத்து விளையாடலாமா?

அக்கினி நட்சத்திரத்தில் வேண்டாம். 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறார்கள். நம் ஊர் மே மாதம் அதற்குக் கட்டுப்படாது. மேலே உள்ள காற்றுத் துளையை மறைக்காமல், மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள்.

களக்காடு: போனிலேயே கார் கேம் இலவசமாக இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

தனியாக விளையாடுகிறீர்கள் என்றால் எதற்குமில்லை. போனே போதும்.

ஆலங்குளம்: கேமைக் கார்ட்ரிட்ஜாக வாங்குவதா, இணையத்தில் இறக்குவதா? வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது, கார்ட்ரிட்ஜ் நகத்தளவுதான் இருக்கிறதே என்று பயம்.

ஒரு கேமுக்காக வாங்குகிறவர் கார்ட்ரிட்ஜ்தான் வாங்க வேண்டும். அலுத்துப்போனால் விற்கலாம், நிண்டெண்டோ கேம்களுக்குப் பழைய விலையும் நன்றாகவே நிற்கும். இறக்கிய கேமை யாருக்கும் விற்க முடியாது. அவர்களுடைய இணையக் கடையில் இந்தியாவுக்கென்று தனிப் பிரிவும் இல்லை.

குழந்தை விழுங்கிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கும் இருந்திருக்கிறது. அதனால் கார்ட்ரிட்ஜின் மேல் கடுங்கசப்பான ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள். வாயில் வைத்த உடனே துப்பிவிடும்; நான் நக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், பனங்கற்கண்டைப் போட்டும் கசப்பு போகவில்லை. இருந்தாலும் உயரமான அலமாரியில் வையுங்கள்.